அரை வரிக்கு அரைக் கை

12 ஜனவரி 2025, ஞாயிறு

சங்கத்துக்குப் போய்ப் பொங்கல் வரி கட்டிவிட்டு வந்தேன். தேக்காக் கடைத்தெரு முழுக்கக் கரும்பும் மஞ்சள் கொத்துமாக, நடக்க வழியில்லை. செயலாளர் செல்வராஜ் மாடிப்படிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், என்னைச் சித்தி என்பான்.

"சித்தி, உங்களுக்கு அரை வரிதான்" என்றான். ஏதோ எனக்கென்று தள்ளுபடி போட்டுக் கொடுப்பவன் மாதிரி.

முழுசாகவே வாங்கிக்கொள் என்றேன். சிரித்தான். "எதுக்கு சித்தி? ஊர் வழக்கம்லா."

ஊர் வழக்கம். எங்கள் பூர்வீக ஊரான செங்கூரணியில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு முழு வரி, கூட்டத்தில் தூக்க ஒரு கை. ஓட்டை நாங்கள் கை என்றுதான் சொல்வோம். புருஷன் செத்தவளுக்கு அரை வரி, கை கிடையாது. புருஷன் இருப்பவளுக்கு வரியும் இல்லை, கையும் இல்லை. கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தாக்கள் இதையும் மூட்டை கட்டி எடுத்து வந்து, இங்கே செங்கூரணி ஊரார் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, அதன் சட்டதிட்டத்திலும் எழுதி வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சுந்தரம் போய் மூன்று வருஷம். இருந்தவரை அவர் கையை என் கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குக் கிளம்பும்போது "என்ன வேதா, தூக்கவா வேணாமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அங்கே போய்த் தன் இஷ்டப்படி தூக்குவார். அது வேறு விஷயம்.

18 ஜனவரி, சனி

மாடியில் வழக்கம்போல் கூடினோம். சங்கத்தின் கடைவீட்டில் கீழே அலுவலகம், மேலே இந்த ஒரே அறை. சனிக்கிழமை காலை அது எங்களுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. புருஷன் போனவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிட்டது. டீ, வடை, பேப்பர், யாருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று டப்பாவில் பிரித்துப் போடுவது, அன்றைக்கு வராதவளின் மருமகளைப் பற்றிப் பேசுவது. சுந்தரம் போன புதிதில் நான் எத்தனையோ சனிக்கிழமை இங்கே வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைப் பேசு என்று சொல்லவில்லை. வடையை மட்டும் தள்ளி வைத்தார்கள்.

இன்றைக்குப் பாப்பம்மாள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். அறையை ஒரு பார்சல் கம்பெனிக்குக் கிடங்காக வாடகைக்கு விடப் போகிறார்களாம். அக்டோபர் கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

"நம்மகிட்ட கேப்பாங்களா?" என்றேன்.

"நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார் ரத்தினம்மா அக்கா. எங்களில் மூத்தவர். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

சங்கத்துக்குக் கடிதம் எழுதி முடித்தேன். எங்களிடமும் முழு வரி வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான். இதற்கு எத்தனை தாளைக் கிழித்தேன்! கடைசியில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது: "முழு வரிக்கு முழு உரிமை என்றால், அரை வரி கட்டும் எங்களுக்குப் பாதி உரிமையாவது இருக்க வேண்டாமா?" எழுதியதும் எனக்கே பெருமையாகிவிட்டது. பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருஷமாகச் சர்க்குலர் எழுதுகிறவள் சும்மாவா.

மகள் நிரஞ்சனா பொங்கோலிலிருந்து வந்திருந்தாள். படித்துப் பார்த்துவிட்டு, "அந்த லைன் வேணாம்மா. பாதின்னு நீங்களே எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

"பேச்சுக்குச் சொல்றதுடி. அவங்களுக்கு உறைக்கணும்ல."

"பேசாம ஒரு லாயரைப் பார்க்கலாம்."

யார் மேல் கேஸ் போடுவது? அவள் அப்பா செத்த அன்றைக்கு வந்து, நான் எழுந்திருக்கும் வரை என்னோடு நின்றவர்கள்தானே எல்லோரும்.

அந்த வரியை விட்டுவிட மனசு வரவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

கை வேண்டும் என்று கேட்க, கை உள்ளவர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. வேறு என்ன வழி? சட்டதிட்டத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும். எல்லாம் ஆம்பளைக் கை.

இன்று பிடோக்கில் இரண்டு வீடு. முதல் வீட்டில் "கண்டிப்பா செய்யணும்க்கா, காலம் மாறிடுச்சு" என்றார். அவர் மனைவி ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வீட்டுப் பையன், டாக்சி ஓட்டுகிறவன், உண்மையைச் சொன்னான்: "நான் சப்போர்ட் ஆண்ட்டி. ஆனா முதல்ல தூக்க மாட்டேன். நாலு பேர் தூக்கட்டும், நானும் தூக்குறேன்."

எல்லோருமே அந்த நாலு பேருக்காகத்தான் காத்திருப்பார்கள் போல.

16 மார்ச், ஞாயிறு

ஆண்டுக் கூட்டம். முன்னால் தலைக்கட்டுகள், பின்னால் நாற்காலியில் நாங்கள். எங்களுக்குப் பின்னால் சாப்பாட்டு அண்டா.

தலைவர் முத்துசாமி அண்ணன் கடிதத்தைப் படித்தார். நன்றாகவே படித்தார். படித்துவிட்டு, "நம்ம தாய்மாருங்க மேல சுமையை ஏத்த வேணாம்னுதான் பெரியவங்க அரை வரி வச்சாங்க. இவங்க சுமையைக் கேக்கிறாங்க" என்றார். கொஞ்சம் சிரிப்பு. பிறகு, "இருந்தாலும் கேட்டுட்டாங்க. செயற்குழு பார்த்து மே மாசம் பதில் சொல்லும்."

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சித்தி, கூட்டத்துல உறுப்பினர்தான் பேசலாம்" என்றான் செல்வராஜ், மெதுவாக, பக்கத்தில் வந்து. வலிக்காமல் ஊசி போடுகிற மாதிரி. உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன்? நின்றிருந்தால் என்னைத் தூக்கியா போட்டிருப்பார்கள்?

பிறகு எல்லோருக்கும் சாம்பார் ஊற்றினேன்.

17 மார்ச்

கோபம் இப்போதுதான் வருகிறது. நேற்று வரவில்லை. யார்கிட்ட போய் இதைக் காட்டுறது.

3 மே, சனி

பொதுத்தேர்தல். இந்த முறையும் எனக்கு வாக்குச் சாவடியில் வேலை. இருட்டோடு போய், அடையாள அட்டையைச் சரிபார்த்து, பெயரைச் சத்தமாகச் சொல்லி, சீட்டைக் கொடுத்து, அடுத்தவர். ஒரு சீனப் பாட்டியை மகன் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தான். மறைப்புக்குள் அவனும் கூடவே நுழையப் பார்த்தான். நான்தான் நிறுத்தினேன். "நீங்க வெளிய நில்லுங்க, சார்." கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அம்மா ஞாபகம் வந்தது. ஐம்பத்தொன்பதில் ஓட்டுக் கட்டாயமானபோது அப்பா வாசல்வரை கூட்டிப்போனாராம். உள்ளே தனியாகத்தான் போக வேண்டும் என்றதும் அழுதுவிட்டாளாம். வெளியே வந்ததும் அப்பா "யாருக்குப் போட்ட?" என்றார். "சொல்லக்கூடாதாம்" என்றாள். கடைசிவரை சொல்லவே இல்லை. அப்பா சாகிறவரை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

இந்த நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று என்னைக் கேட்பார்கள். தேக்காவில் எங்கள் ஊர்க்காரர்கள் நடுவில், ஒரு மாடியறை விஷயத்தில், எதற்குப் போடணும் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எம்ஆர்டி ரயிலில் நாலு ஸ்டேஷன்.

18 மே, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சிறப்புக் கூட்டம். முத்துசாமி அண்ணன் என் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியைப் படித்தார். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டுமா. "பாதி உரிமையாவது. அவங்களே கேட்டிருக்காங்க. நியாயமான வார்த்தை. கேட்டதைக் கொடுக்கிறோம்" என்றார்.

அரை வரிக்கு அரைக் கை. கணவனை இழந்தவர் இருவர் சேர்ந்தால் ஒரு கை. இருவரும் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும், இருவரும் ஒரே பக்கம் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் வராது. மற்றப் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. போட்டார்கள் ஓட்டு. அத்தனை கையும் மேலே போனது. அந்த டாக்சிப் பையனும் தூக்கினான், சந்தோஷமாக.

கைதட்டல். என்னை முன்னால் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். நான் நன்றி சொன்னேன். ஆமாம், சொன்னேன். இத்தனை பேர் சிரித்த முகத்தோடு பார்க்கும்போது வேறு என்னத்தச் சொல்றது? வாயில அதான் வந்துச்சு. வெட்கமா இருக்கு.

நிரஞ்சனாவுக்குப் போன் செய்தேன். "அப்போ எனக்கு ஓட்டு வேணும்னா என் ஹஸ்பண்ட் சாகணும். அப்பவும் பாதிதான்" என்றாள். நான் சொன்னேன்ல என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

24 மே, சனி

செல்வராஜ் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டான். ஊரில் அந்தக் காலத்தில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்த குடும்பங்களை ஒன்றாகப் போட்டானாம். எனக்கு ரத்தினம்மா அக்கா.

வேறு ஆளே கிடைக்கவில்லையா? பாப்பம்மாள் என்றால் இரண்டு கையையும் தூக்குவாள்.

அக்கா என்னைத் தேற்றப் பார்த்தார். "என் பாதியையும் நீயே எடுத்துக்க வேதா. எனக்கு எதுக்கு?" அப்படித் தர முடியாதுக்கா, இரண்டு பேரும் தூக்கணும் என்றேன். "நான் தூக்க மாட்டேம்மா. முத்துசாமி முன்னாடி உக்காந்திருப்பாரு. என் வீட்டுக்காரர் போனப்ப எல்லாத்தையும் நின்னு பார்த்தவரு. அவருக்கு எதிரா எப்படி?" என்றார்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. எனக்கும் நின்று பார்த்தவர்தான் முத்துசாமி அண்ணன்.

12 ஜூலை, சனி

அக்காவோடு தினமும் பேசிப் பார்க்கிறேன். அவர் வீடு பஃபலோ ரோடு அடுக்குமாடி பிளாக்கில் ஏழாவது மாடி. நான் எதைச் சொன்னாலும் "ம்" கொட்டுவார். கடைசியில் "நீ சாப்பிட்டியா?" என்பார். அறையைக் கிடங்காக்கினால் சனிக்கிழமை எங்கே போவீர்கள் என்று கேட்டேன். "கீழ வாய்ட் டெக்ல உக்காந்தா ஆச்சு." அந்தத் திறந்த கீழ்த்தளத்துக்கு யார் வருவார்கள் என்றேன். "நீ வருவல்ல." கேட்கப் பிடிக்கிற பதில்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

மற்ற ஜோடிகளும் இதே லட்சணம். ஒரு ஜோடிக்குள் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது. செல்வராஜுக்கு அது தெரியாதா? தெரிந்திருக்காது. அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

16 ஆகஸ்ட், சனி

அக்கா இன்றும் "ம்".

13 செப்டம்பர், சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தோம். பார்சல் கம்பெனி ஆள் ஒருவன் செல்வராஜோடு மேலே வந்தான். அளவு எடுக்கிற டேப். எங்களைப் பார்த்துத் தலையாட்டினான், அவ்வளவுதான். சுவரிலிருந்து சுவருக்கு அளந்தான். ஜன்னல் பக்கம் ரத்தினம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். "எக்ஸ்கியூஸ் மி" என்று சொல்லிவிட்டு டேப்பை அவர் மடி மேலாக இழுத்துப் பிடித்தான். அக்கா டீ டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். போனில் குறித்துக்கொண்டான். கீழே போய்விட்டான். செல்வராஜ், "சும்மா பார்க்கத்தான் சித்தி, இன்னும் முடிவாகல" என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே ஓடினான்.

அக்கா டம்ளரை இறக்கவே இல்லை. டீ ஆறிப்போனது.

"நாற்காலியோட சேர்த்து என்னையும் அளந்துட்டான் வேதா" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்திரிங்கன்னு கூடச் சொல்லல. சொன்னா எழுந்திருப்பேன்ல?" என்றார்.

பஸ் நிறுத்தம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் வந்தபோது சொன்னார்: "தூக்குறேன். முத்துசாமியை நான் பார்க்க மாட்டேன், நீ பார்த்துச் சொல்லு எப்ப தூக்கணும்னு."

இத்தனை மாசம் நான் பேசியதெல்லாம் தண்டம். டேப் வைத்திருந்தவன் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டான்.

4 அக்டோபர், சனி

அக்கா கூட்டத்துக்கு எந்தப் புடவை கட்டுவது என்று கேட்கிறார். நீலமா அரக்கா. அரக்குக் கட்டுங்கள் என்றேன். கை தூக்கும்போது ரவிக்கை பிடிக்கிறதா என்று மாடியிலேயே தூக்கிப் பார்த்துக்கொண்டார். பாப்பம்மாள் சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

ஜெயிப்போமா? மாட்டோம். எண்ணிப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் எனக்குள் ஒரு குதூகலம், ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்கு இருக்குமே, அது மாதிரி.

8 அக்டோபர், புதன்

ரத்தினம்மா அக்கா குளியலறையில் விழுந்துவிட்டார். ஸ்ட்ரோக். இடது பக்கம் அசைக்க வரவில்லை. அவர் மகன் போன் செய்தான். ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைத் தெரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

கடவுளே. நான் அங்கே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் என்ன மாதிரிப் பொம்பளை.

12 அக்டோபர், ஞாயிறு

போனேன். போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம். பக்கத்து நாற்காலி காலி. பின்வரிசையில் எங்களை ஜோடி ஜோடியாகத்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

வாடகைத் தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் கை தூக்கினேன். வாழ்நாளில் அந்தச் சங்கத்தில் முதல் தடவையாக. செல்வராஜ் எண்ணிக்கொண்டே வந்தவன் என்னிடம் நின்றான்.

"சித்தி, உங்க ஜோடி?"

"ஆஸ்பத்திரில. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சித்தி." அவன் முகம் வாடித்தான் போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஆனா ரூல்படி..."

"அவங்க எதிர்க்கிறேன்னு என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"ஆள் வந்திருக்கணும் சித்தி."

முத்துசாமி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "பாவம், விடுப்பா. கையை இறக்கச் சொல்லு, வலிக்கப் போகுது" என்றார். நக்கலே இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

பேச்சுவார்த்தை இல்லாத ஜோடியில் ஒருத்தி தூக்கினாள், இன்னொருத்தி தூக்கவில்லை. இன்னொரு ஜோடி கிடங்கே வரட்டும் என்று தூக்கியது. அவர்கள் இஷ்டம். பாப்பம்மாளும் அவள் ஜோடியும் மட்டும் எங்கள் பக்கம். தீர்மானம் சுலபமாக நிறைவேறியது. எங்கள் கையை எண்ணியிருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம், அதுவும் நல்ல வித்தியாசத்தில்.

எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

18 அக்டோபர், சனி

தீபாவளி நெரிசலில் தேக்காவில் முட்டி மோதி வந்தேன். மாடி பூட்டியிருக்கிறது. நாற்காலிகளைக் கீழே படிக்கட்டுப் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வடைப் பொட்டலத்தோடு நாங்கள் கடைவாசல் ஐந்தடிப் பாதையில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

1 நவம்பர், சனி

அக்காவைப் பார்த்தேன். பேச்சு திரும்பிவிட்டது. குழறுகிறது, ஆனால் புரிகிறது. இடது கை போர்வை மேல் அப்படியே கிடந்தது.

முதல் கேள்வியே, "கூட்டம் என்னாச்சு?"

ஜெயிச்சுட்டோம்க்கா என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? முடியவில்லை.

"தோத்துட்டோம்க்கா."

"நான் வராததாலயா?"

"இல்ல. நீங்க வந்திருந்தாலும் தோத்திருப்போம். நிறைய வித்தியாசம்." ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

"உன் கையை எண்ணுனாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அக்காவுக்கு வந்ததே கோபம். கோணியிருந்த வாய் இன்னும் கோணியது. "தோத்தா தோத்துட்டுப் போறோம். எண்ணியிருக்கணும்ல? எண்ணாம எப்படி விடுவாங்க? என் பாதி அதுல இருந்துச்சுல்ல?" பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். எதற்குக் கை என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷி, ஒரு பக்கக் கண்ணில் மட்டும் தண்ணீர் வழிய, என்னைத் திட்டினார். "நீ ஏன் சும்மா இருந்த?"

நான் சும்மாவா இருந்தேன். ஆமாம், சும்மாதான் இருந்தேன்.

கண்ணைத் துடைத்துவிட்டேன். கொஞ்சம் அடங்கியதும், "அடுத்த கூட்டம் எப்ப?" என்றார்.

"மார்ச்சுல."

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம், நான் மார்ச்சுக்குள் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும், அதற்கு என்ன செய்யணும் என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே "கேன், கேன்" என்றாள், முடியுமாம்.

வெளியே லிஃப்ட் பக்கம் அக்காவின் மகன் நின்றிருந்தான். "டாக்டர் எதையும் உறுதியா சொல்ல மாட்டேங்கிறாங்க ஆண்ட்டி. இன்னொன்னு வந்தா கஷ்டம்கிறாங்க" என்றான். திரும்பி உள்ளே போகத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து நீரிழிவு மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டேன்.

மார்ச் வரை அக்கா இருக்க வேண்டும். நானும் இருக்க வேண்டும். இருந்தால், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கை.